ரோகிணி அக்காவின் மீசை

'பெண்களால், பெண்களுக்காக நடத்தப்படும் நிறுவனம். உங்கள் சந்தேகங்களுக்கு ரோகிணி அக்கா நேரடியாகப் பதில் சொல்வார். ஆண்கள் தயவுசெய்து மெசேஜ் அனுப்ப வேண்டாம்.'

'ரோகிணி நைட்டீஸ்' என்ற இணையப் பக்கத்தின் நெற்றியில் இருக்கும் அறிவிப்பு இது. இதைத் தட்டியவர் வண்டியூர் தெப்பக்குளத்தை ஒட்டிய ஒரு சந்தில், வீட்டின் முன்னறையில், நைட்டி மூட்டையொன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கட்டம் போட்ட கைலி, கைவைத்த பனியன். இரண்டு பக்கமும் கன்னம்வரை போய்த் திரும்பும் மீசை. அது இருக்கிறதா என்று இடது கை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. வலது கையின் ஆள்காட்டி விரல் 'சொல்லுடா செல்லம், உனக்கு என்ன சைஸ்டா வேணும்?' என்று தட்டி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவைப் போட்டு, தருமபுரியில் இருக்கும் ஏதோ ஒரு செல்லத்துக்கு அனுப்புகிறது. அனுப்பிய கையோடு வாசலைப் பார்த்து அவர் போடும் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்கிறது. "ஏப்பா கூரியரு, நடுச்சந்துல வண்டிய நிப்பாட்டிட்டு இம்புட்டு ஆரன் அடிக்கிறியே, இங்க என்ன அம்புட்டுப் பேரும் செவிடா?"

பெயர் நல்லகாமன். வயது ஐம்பதை நெருங்குகிறது. சொந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். தம்பி நிலத்தையும் காளையையும் பார்த்துக்கொள்ள, இவர் இளவயதிலேயே டவுனுக்கு வந்து விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக் கடை ஒன்றில் சட்டைப் பிரிவில் நின்றவர். ஆண்களுக்குச் சட்டை விற்பது வாய் திறக்காத வேலை என்கிறார். "நாப்பது சைஸு, முழுக்கை, வெள்ளை. அம்புட்டுத்தேன். வாங்குறவனும் பேச மாட்டான், விக்கிறவனும் பேச மாட்டான். சவத்துக்குத் துணி எடுக்குற மாதிரி எடுத்துட்டுப் போயிருவாய்ங்க." கொரோனாவில் கடை மூடியது. திரும்பத் திறந்தபோது சட்டைப் பிரிவு இருந்தது. நல்லகாமனுக்கு அதில் இடம் இல்லை.

வீட்டில் அவர் மனைவி கனகலட்சுமி அக்கம்பக்கத்தாருக்கு நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதையே இணையத்தில் விற்கலாம் என்று முடிவானபோது முதலில் போனைக் கையில் எடுத்தவரும் அவர்தான். கனகலட்சுமிக்குத் தையல் வரும். தணிந்த பேச்சு வராது. 'கலர் போகுமா அக்கா?' என்று கேட்டவருக்கு, 'தொவைச்சாத்தான தெரியும்' என்று எழுதினார். 'போட்டோவுல இருக்குற மாதிரியே இருக்குமா?' என்றவருக்கு, 'போட்டோவுல இருக்குற மாதிரியா நீ நேர்ல இருக்க?' என்று எழுதினார். பதில்களில் பிழை ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர்கள்தான் இல்லாமல் போனார்கள்.

போன் நல்லகாமன் கைக்கு வந்தது. தொடக்கத்தில் அவர் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டார். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி கேட்டு எழுதிய பெண்ணுக்கு, 'அவுக வீட்டுக்காரர் பேசுறேம்மா, சொல்லுங்க' என்று பதில் போட்டார். அந்தப் பெண் சொல்லவில்லை. அவரை பிளாக் செய்துவிட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. அதற்கடுத்து வந்தவர் முன்ஜாக்கிரதையாக, 'அக்காவா பேசுறது?' என்று கேட்டார். நல்லகாமன் மீசையைத் தடவியபடி யோசித்தார். பிறகு, 'ஆமாடா' என்று தட்டினார். வியாபாரம் அங்கே தொடங்கியது.

அக்காவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. "எம்பேர வைக்காதீக. ஊர்ல தெரிஞ்சா என்னையத்தேன் காறித் துப்புவாக" என்று கனகலட்சுமி மறுத்துவிட்டதால், அவருடைய நட்சத்திரத்தைப் பெயராக வைத்தார். ஆண்கள் எழுத வேண்டாம் என்ற வரியைப் பிறகு சேர்த்தவரும் நல்லகாமன்தான். ரோகிணியின் புகைப்படம்கூட இல்லாத பக்கத்துக்கு வந்து 'ஹாய்' என்று அனுப்பும் ஆண்கள்மேல் அவருக்கு உண்மையான கோபம். "ஒரு பொம்பளை நிம்மதியா ஒரு யாவாரம் பண்ண முடியுதா இந்த நாட்டுல?" என்று கேட்பார், சிரிக்காமல்.

வியாபாரத்தில் அவர் கைராசிக்காரர் என்று பிறர் சொல்வார்கள். கையில் இருந்தது ராசி இல்லை, பொறுமை. ஒரே நைட்டியின் எல்லா நிறத்தையும் சாவகாசமாகப் பார்த்துவிட்டு, 'வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் அக்கா' என்று ஒருவர் போனால், 'கேட்டுட்டு வாடா, எங்க போயிரப் போகுது' என்று எழுதுவார். 'இந்தப் பச்சை படத்துலதான்டா பளிச்சுனு இருக்கு. நேர்ல பாத்தா வேப்பெண்ணெய் ஊத்துன மாதிரி இருக்கும். உனக்கு வேணாம்' என்று விற்க வேண்டிய சரக்கையே வேண்டாம் என்பார். சாயம் முதல் தண்ணீரில் போகுமென்றால் போகும் என்பார். சுருங்குமென்றால் எவ்வளவு என்பார். துணியைப் பற்றி அவர் ஒரு பொய் சொன்னதில்லை. தன்னைப் பற்றி ஓர் உண்மை சொன்னதில்லை. இரண்டும் சேர்ந்துதான் வாடிக்கையாளரைத் திருப்தியாக வைத்திருந்தன.

நைட்டி கேட்க வருபவர்கள் நைட்டியோடு நிற்பதில்லை. மூட்டுவலி, மாமியார், மகனின் மார்க்கு, வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது எல்லாம் வரும். எல்லாவற்றுக்கும் ரோகிணி பதில் எழுதுவார். நல்லகாமனாக இருந்து அவர் யாரையும் கேட்டறியாத கேள்விகளை ரோகிணியாக இருந்து கேட்டார். 'சாப்டியாடா? மொகம் ஏன் வாடியிருக்கு டிபி போட்டோவுல?' என்று ஒருநாள் தட்டும்போது வாயாலும் சொல்லிக்கொண்டே தட்டிவிட்டார். உள்ளே தையல் மிஷின் நின்றது.

"இங்க ஒருத்தி கல்யாணம் ஆன நாள்ல இருந்து உக்காந்திருக்கேன். சாப்டியான்னு ஒரு வார்த்தை?"

"அது யாவாரம்டி."

"அப்ப நானும் ஒரு நைட்டி வாங்கிக்கிறேன். எங்கிட்டயும் கேளுங்க."

அவர் கேட்கவில்லை. கனகலட்சுமி சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "ரோகிணி அக்கா, திங்க வாரீகளா?" என்று கூப்பிடுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

குரல் ஒரு சங்கடம். ரோகிணி எழுதுவாரே தவிரப் பேச மாட்டார். காரணம் கேட்டவர்களுக்குத் தொண்டையில் கோளாறு என்று சொல்லிவைத்திருந்தார். இதற்கு மிளகுக் கஷாயம், அதிமதுரம், கற்பூரவல்லி என்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்திலிருந்தும் வைத்தியம் வந்தது. சங்கரன்கோவில்காரர் ஒருவர் பொடியே இடித்து கூரியரில் அனுப்பினார். கனகலட்சுமி அதைக் குடித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். தவிர்க்க முடியாத அழைப்புகளைக் கனகலட்சுமியே எடுப்பார். "என்ன வேணும்? சீக்கிரம் சொல்லு, மிஷின் நிக்குது" என்று தொடங்கி அப்படியே முடிப்பார். அவர் வைத்தவுடன், 'அப்ப ஒரு டென்ஷன்ல இருந்தேன்டா, மனசுல வச்சுக்காத' என்று நல்லகாமன் தட்டுவார். பேசினால் எரிச்சல், எழுதினால் பாசம் என்று ரோகிணியின் குணத்தை வாடிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒருவரை எல்லாரும் அறிந்திருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்த இரண்டு பெண்கள் முகவரி விசாரித்து அக்காவைப் பார்க்க வந்ததுதான் வந்த ஆபத்துகளில் பெரிது. கனகலட்சுமி ரோகிணியாக நாற்காலியில் உட்கார, நல்லகாமன் வீட்டுக்காரராகக் காப்பி கொண்டுவந்தார். 'அந்தச் சின்ன நாத்தனார் விஷயம் நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன் அக்கா' என்றார் ஒருவர். எந்த நாத்தனார் என்று தெரியாத கனகலட்சுமி, "ம், பண்ணு பண்ணு" என்றார். காப்பித் தட்டோடு நின்றவர், "இப்ப ஒங்களோட பேசுறாளாம்மா அவ?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். கனகலட்சுமியின் பார்வை அவரை அடுக்களைக்குள் அனுப்பியது. போகும்போது அந்தப் பெண் வாசலில் நின்று தணிந்த குரலில் சொன்னார்: "அண்ணே, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு நெனைக்கிறேன். நீங்கதான் பாத்துக்கணும்." நல்லகாமன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வெட்கம் அவருக்கு இல்லாமல் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் இருந்தது. கோயில் கும்பிடுக்குப் போன இடத்தில், சொந்தபந்தம் சுற்றி நிற்க, தம்பி அழகுபாண்டி கேட்டார்.

"என்ன யாவாரம்ணே பண்ற இப்ப?"

"ஜவுளி."

"ஜவுளின்னா?"

"காட்டன்."

"காட்டன்ல என்னண்ணே? வேட்டியா, சட்டையா?"

"ரெடிமேடு" என்று சொல்லிவிட்டுக் காளையைப் பார்க்கப் போய்விட்டார். நைட்டி என்ற சொல் அலங்காநல்லூர் எல்லைக்குள் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. வேறொரு பெயரில் பெண்களோடு பேசுவது அவரைக் கூசச் செய்யவில்லை; பெண்கள் உடையை விற்பது கூசியது.

விவரம் முழுவதும் தெரிந்த வெளியாள் ஒருவர்தான். விளக்குத்தூண் பக்கம் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஜுல்பிகர். பழைய கடையிலிருந்தே பழக்கம். மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். நல்லகாமன் கடைப்படி ஏறியதும், "வாங்க ரோகிணி, ஒக்காருங்க. மல்லிப்பூ வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்பார் ஜுல்பிகர். கடையே சிரிக்கும். நல்லகாமனும் சிரிப்பார்.

இணையத்தில் துணி விற்பவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. சாமான் கிழிந்திருந்தது, சைஸ் மாறிவிட்டது என்று புகார் சொல்ல வேண்டுமானால், பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வீடியோ இல்லையென்றால் மாற்றிக் கொடுப்பதில்லை. போட்டுப் பார்த்துக் கறைபடுத்திவிட்டு வந்ததே இப்படித்தான் என்று சொல்பவர்களுக்காக ஏற்பட்ட விதி. மற்றவர்கள் தலையிலும் விழுந்தது. எனவே ரோகிணியின் போனில் நாள்தோறும் ஊர்பேர் தெரியாத வீடுகள் திறந்துகொண்டன. கட்டிலில் வைத்துப் பார்சலை வெட்டும் கத்தரிக்கோல், பின்னால் காயும் துணி, ஓரத்தில் தெரியும் யாரோ ஒருவரின் கால், 'இங்க பாருங்கக்கா, இந்தத் தையல் பிரிஞ்சிருக்கு' என்ற குரல். நல்லகாமன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, நீதிபதியைப் போல எல்லாவற்றையும் கடைசிவரை பார்ப்பார். பாதியில் நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது நியாயம் இல்லை என்பது அவர் கொள்கை.

தேவகோட்டை முத்துமீனா பழைய வாடிக்கையாளர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சுருக்கமாக எழுதுவார், அளவு சரியாகச் சொல்வார், ஒரு நிறத்தைச் சொன்னால் மாற்ற மாட்டார். ரோகிணிக்குப் பிடித்த ரகம். இடையில் பல மாதங்கள் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது, நல்ல தொளதொளவென்று, முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்து வேண்டும் என்று கேட்டார். முன்பக்கத் திறப்பு கேட்பவர்கள் யாரென்று வியாபாரத்தில் ஒரு கணக்கு உண்டு. நல்லகாமன் அந்தக் கணக்கைப் போட்டார்.

'ஹை, பாப்பா பொறந்திருக்காடா? சொல்லவே இல்ல பாத்தியா!'

ஒரு பொழுது கழித்துப் பதில் வந்தது. 'இல்லக்கா. ஆபரேஷன். எடது பக்கம் மாரை எடுத்துட்டாங்க.'

நல்லகாமன் போனை மூட்டைமேல் வைத்தார். எடுத்தார். தட்டினார், அழித்தார். கடைசியில், 'தப்பாக் கேட்டுட்டேன்டா. அக்கா உனக்கு நானே பாத்துத் தச்சு அனுப்புறேன்' என்று எழுதினார். கனகலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னார். இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். நைட்டியின் உட்புறம் இடது பக்கத்தில் மெல்லிய துணியில் ஒரு பை வைத்தால், பஞ்சை வைத்துக்கொள்ளலாம், வெளியே வித்தியாசம் தெரியாது என்பது கனகலட்சுமியின் யோசனை. கச்சிதமாகத் தைத்து, மேலே ஒரு கைக்குட்டையும் வைத்து அனுப்பினார்கள். இதுவரை நடந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பார்சல் போய்ச் சேர்ந்ததும் முத்துமீனாவிடமிருந்து இரண்டு வீடியோ வந்தன. முதலாவது விதிப்படி பார்சல் பிரித்தது. இரண்டாவது, பை சற்று இடம் மாறியிருப்பதைக் காட்ட. நைட்டியை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்று எடுத்திருந்தார். 'இந்த எடத்துலதான் வரணும் அக்கா. பை கீழ நிக்குது, பாருங்க' என்று சொல்லியபடி மேற்பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அறுவை செய்த இடத்தையும் பை நிற்கும் இடத்தையும் விரலால் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பலகையில் படம் போட்டு விளக்குகிறவரின் குரல்.

நல்லகாமன் வழக்கம்போலக் கடைசிவரை பார்த்தார். பை இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். தோள் தையலிலிருந்து எத்தனை அங்குலம் ஏற்ற வேண்டும் என்றும் கண்ணாலேயே அளந்துவிட்டார். வீடியோ முடிந்து, அதன் கீழே இருந்த வரியைப் படித்தபோதுதான் தான் எதைப் பார்த்தோம் என்பது அவருக்கு உறைத்தது.

'எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இன்னும் காட்டல அக்கா. டாக்டருக்கு அப்புறம் நீங்கதான் பாக்குறீங்க.'

போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எடுத்து அந்த வீடியோவை அழித்தார். அழித்ததைப் போன் வேறு எங்கேயாவது சேமித்து வைத்திருக்குமோ என்று தேடி, அங்கேயும் அழித்தார். கொல்லைக் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு முகம் கழுவினார். கழுவிய முகத்தைத் துடைக்காமல் வந்து கனகலட்சுமி பக்கத்தில் நின்றார்.

"அந்த டீச்சர் ஒரு வீடியோ அனுப்பிருச்சு. நைட்டியத் தெறந்து..."

கனகலட்சுமி மிஷினிலிருந்து காலை எடுத்தார். "பாத்தீகளா?"

"பாதியிலயே நிப்பாட்டிட்டேன். அழிச்சிட்டேன்."

"சரி."

"பை ரெண்டு விரக்கடை எறங்கியிருக்கு. ஏத்தித் தைக்கணும்."

கனகலட்சுமி அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். பாதியில் நிறுத்தியவருக்கு அளவு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. "ஏத்தித் தச்சிருவோம்" என்றார்.

அதன்பிறகு நல்லகாமன் போனைத் தொடவில்லை. மூட்டை கட்டினார், முகவரிச் சீட்டு ஒட்டினார், கூரியர்காரரிடம் சத்தம் போடாமல் பார்சலைக் கொடுத்தார். பதில் எழுதும் வேலை கனகலட்சுமியிடம் போனது. முத்துமீனாவுக்கு மட்டும் என்ன எழுதுவதென்று தெரியாமல் அவரும் விட்டுவைத்தார். 'என்னக்கா ஆச்சு உங்களுக்கு, ஏன் இப்படிப் பேசுறீங்க?' என்று நாலா திசையிலிருந்தும் கேட்கத் தொடங்கினார்கள். சங்கரன்கோவில்காரர் மறுபடி பொடி அனுப்பட்டுமா என்றார்.

துணி எடுக்க விளக்குத்தூண் போனபோது ஜுல்பிகர் வழக்கப்படி எழுந்து வரவேற்றார். "வாங்க ரோகிணி. என்ன, மொகத்துல பவுடரைக் காணோம்?"

"இனிமே அப்படிக் கூப்பிடாத மாமா."

கடையில் சிரிக்கத் தயாரானவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ஜுல்பிகர் அவரை உள்ளே துணிக்கட்டுகளுக்கு நடுவே கூட்டிப்போய் உட்காரவைத்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னார்.

"நீ யாருக்கு என்ன கெடுதல் பண்ணுன மாப்ள? இத்தனை பொம்பளப் புள்ளைககிட்டப் பேசியிருக்க. அசிங்கமா ஒரு வார்த்தை எழுதியிருப்பியா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்னடா?"

"அதேன் மாமா அசிங்கமா இருக்கு. எழுதியிருந்தா அப்பவே ஓடிப்போயிருப்பாக."

ஜுல்பிகர் கடைப் பையனைக் கூப்பிட்டார். டீ சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியபோது கனகலட்சுமி போனை நீட்டினார். முத்துமீனா மறுபடி எழுதியிருந்தார். 'அக்கா, பாத்தீங்களான்னு தெரியல. பதிலே காணோம். உங்களுக்குப் பாக்கவே ஒரு மாதிரி ஆயிருச்சோ? நான் அனுப்பியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்கக்கா. பை இருக்குறபடியே இருக்கட்டும்.'

நல்லகாமன் அதைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். பொய் சொன்னதற்கு அவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். நம்பியதற்கு அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பேசுறேன்" என்றார் கனகலட்சுமி. "ரோகிணி பேசுறேன்டி, ஒடம்பு சொகமில்லாமக் கெடந்தேன், பைய ஏத்தித் தச்சு அனுப்புறேன், நீ எப்பவும்போல அழகாத்தேன் இருக்கன்னு சொல்லிட்டு வச்சிர்றேன். பொம்பளை பொம்பளைகிட்டச் சொன்னதா முடிஞ்சு போகும். நீங்க வாயத் தெறக்காதீக."

"அழகா இருக்கன்னு சொன்னா மறுபடியும் அனுப்பும்ல? காயம் ஆறிருச்சா பாருங்கக்கான்னு அனுப்பும். அப்ப யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்."

"வேற ஒண்ணு அனுப்பும். வேற புள்ள அனுப்பும். நான் சொல்லிர்றேன்."

"என்னன்னு?"

"ஆம்பளைன்னு."

கனகலட்சுமி தைத்துக்கொண்டிருந்த துணியை மடியிலிருந்து தள்ளினார். அவர் கோபமாக இருந்தால் கத்துவார், இப்போது கத்தவில்லை. "ஒங்களுக்கு மனசு உறுத்துது. சொல்லிட்டா ஒங்களுக்கு எறங்கிரும். அந்தப் புள்ளைக்கு? ராத்திரி படுத்தா அதுக்கு என்ன ஓடும் மனசுல? புருசன்கிட்டயே காட்டாதவ. ஒங்க பாரத்தைத் தூக்கி அவ தலையில வைக்கப் போறீக, அம்புட்டுத்தேன்."

அவர் சொன்னது சரி. நல்லகாமனும் அதைச் சரியில்லை என்று சொல்லவில்லை. 'நீ சொல்றது சரிதேன்' என்று சொல்லிவிட்டு, போனைக் கொடு என்று கையை நீட்டினார். சரியான இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் சமாதானத்துக்கு வழியில்லை. கனகலட்சுமி கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். "நாம சொல்றதுக்கு அந்தப் புள்ள போலீசுக்குப் போனாலும் சரி, பேஜுல போட்டு நாறடிச்சாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் கேளுங்க. பாத்தீங்களான்னு கேட்டா, பாக்கலன்னு சொல்லிருங்க. அது ஒண்ணு போதும் அவளுக்கு."

நல்லகாமன் தலையாட்டினார்.

அழைப்பு போனது. ஸ்பீக்கரில் முத்துமீனாவின் குரல் தயக்கத்தோடு வந்தது. "அக்கா? நீங்களா? பேசவே மாட்டீங்களே."

நல்லகாமன் தொடங்கினார். கூரியர்காரரை அதட்டும் தொண்டைதான். "அம்மா, நான் ரோகிணி இல்லம்மா. ரோகிணின்னு யாரும் இல்ல. எம்பேரு நல்லகாமன். இவ்வளவு நாளா ஒங்களுக்கு எழுதினது நாந்தேன். ஆம்பள."

மறுமுனையில் ஒரு குக்கர் விசில் அடித்தது. யாரோ பாத்திரத்தை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"இது விளையாட்டா?"

"இல்லம்மா."

"பாப்பா பொறந்திருக்கான்னு கேட்டது?"

"நாந்தேன்மா."

"என் அம்மா செத்தப்போ அக்கா மூணு நாளு எழுதிக்கிட்டே இருந்தாங்களே, அது?"

"நாந்தேன்மா."

முத்துமீனா வைத்துவிட்டார் என்றே கனகலட்சுமி நினைத்துத் திரையைக் குனிந்து பார்த்தார். வைக்கவில்லை.

"அந்த வீடியோ எங்க?"

"அழிச்சிட்டேன்மா. எங்கயும் இல்ல. மீனாட்சியம்மன் மேல சத்தியமா இல்ல."

கனகலட்சுமி மூச்சை விட்டார். இத்தோடு முடிந்தால் போதும் என்பதுபோல அழைப்பைத் துண்டிக்கும்படி கையால் சைகை காட்டினார். நல்லகாமன் துண்டிக்கவில்லை, அந்தப் பெண் கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்று கேட்டார் முத்துமீனா. அண்ணன் என்றோ ஐயா என்றோ எதுவும் சேர்க்கவில்லை.

கனகலட்சுமி கணவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இல்லை, இல்லை என்று உதடு அசைந்தது.

நல்லகாமன், "பாத்தேம்மா, கடைசிவரைக்கும் பாத்தேன்" என்று சொன்னார்.